யாங்சியோடு கிழக்கே போன பெயர்: ஜியாங்னான் பயணக் குறிப்புகள்

சாங்ஷா, திங்கள் இரவு

ஜியாங்னான் எங்கே இருக்கிறது என்று சீனாவில் யாரைக் கேட்டாலும் சுஜோ, ஹாங்ஜோ என்பார்கள். கல் பாலம், வாய்க்கால், வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, தூறல், பட்டு, தேயிலை எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்த ஊர்களெல்லாம் ஷாங்காய்க்குப் பக்கத்தில். நாங்கள் வந்திறங்கியிருப்பதோ அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவில். பழைய ஏடுகளில் ஜியாங்னான் என்ற பெயர் இந்தப் பக்கத்தைத்தான் குறித்தது. இங்கே தொடங்கி, பெயர் போன வழியிலேயே யாங்சியோடு கிழக்கே இறங்கிக் கடல் வரை போவதாகத் திட்டம். கூட வருவது ஷாங்காயில் வேலை பார்க்கும் என் சித்தி மகன். பேச்சு அவன் பொறுப்பு, பழைய ஏடுகள் என் பொறுப்பு.

பெயரின் பொருள் எளிது. ஜியாங் என்பது இன்று எந்தப் பெரிய ஆற்றுக்கும் பொதுச்சொல். அந்தக் காலத்தில் யாங்சிக்கு மட்டுமே உரிய பெயர் அது. பின்பாதிக்குத் தெற்கு என்று பொருள். ஆக, ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலம். ஆனால் யாங்சி 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதன் எந்தப் பகுதிக்குத் தெற்கே?

கி.மு. 277இல் சின் அரசு, சூ அரசிடமிருந்து வூ என்ற பகுதியையும் ஜியாங்னானையும் பிடித்து, சியென்ஜோங் என்ற புதிய ஆட்சிப் பகுதியாக்கியது என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் சிமா சியென். அடுத்த வருஷமே அங்கிருந்த சூ மக்கள் சின்னுக்கு எதிராகக் கிளம்பினார்கள். இது நடந்தது இன்றைய ஹூனானின் மேற்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும். கடலோரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சிமா சியென் கேள்விப்பட்டதை மட்டும் எழுதியவர் இல்லை. இருபது வயதில் தெற்கே கிளம்பி, யுவான், சியாங் ஆறுகளில் படகில் போய்ப் பார்த்தவர். ஜியாங்னான் தாழ்வான ஈர நிலம், ஆண்கள் சீக்கிரமே இறந்துபோகிறார்கள் என்பது அவர் எழுதிய வரி. தாமிரம், தந்தம், காண்டாமிருகத் தோல் கிடைக்கும் காட்டு நாடு. பட்டும் தேயிலையும் நினைவுக்கு வரும் இன்றைய ஜியாங்னானை அதில் தேடினாலும் கிடைக்காது.

இன்று மாலை தைபிங் தெருவில் ஜியா யீயின் வீட்டைப் பார்த்தோம். ஹான் பேரரசரின் சபையில் இருபதுகளின் தொடக்கத்திலேயே பெரிய பேர் எடுத்தவர். மூத்த அமைச்சர்களின் பொறாமையால் சாங்ஷா அரசனுக்கு ஆசிரியராக இங்கே அனுப்பப்பட்டார். ஊர் தாழ்வானது, ஈரமானது என்று கேட்டதுமே தனக்கு ஆயுசு கெட்டியில்லை என்று முடிவுகட்டிவிட்டார் என்கிறது பழைய ஏடு. முற்றத்தில் ஒரு பழங்கிணறு இருக்கிறது. வாசலுக்கு வெளியே நசநசவென்று கூட்டம், பொரித்த கறுப்புத் தோஃபுவின் வாடை. ஒவ்வொரு கடையிலும் மிளகாய் மலைபோல் குவிந்திருக்கிறது. உடம்பில் ஏறும் ஈரத்தை மிளகாய்தான் விரட்டும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மிளகாய் சீனாவுக்கு வந்தே நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. ஜியா யீக்கு அந்த மருந்தும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் டாக்சி ஓட்டுநரிடம், "இது ஜியாங்னானா?" என்று தம்பி கேட்டான். "இது ஹூனான். ஜியாங்னானுக்கு நீங்கள் சுஜோ போக வேண்டும்" என்றார், வழி தெரியாதவர்களுக்குச் சொல்லும் அக்கறையோடு.

சாங்ஷா, செவ்வாய்

ஹூனான் அருங்காட்சியகத்துக்குப் பெரும்பாலோர் வருவது ஓர் அம்மாளைப் பார்க்க. 1972இல் மாவாங்துய் மேட்டில் தோண்டியெடுத்த சின் ஜூயி. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் தோல் சுருங்காமல் இருந்த உடல். அவர் அணிந்த மெல்லிய பட்டு அங்கி ஒன்று முழுசாக 49 கிராம்தான். கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நான் வந்தது ஒரு வரைபடத்துக்காக. அதே மேட்டில் மூன்றாம் எண் கல்லறை, கி.மு. 168இல் மூடப்பட்டது. ஜியா யீ இறந்த வருஷமும் அதுதான். உள்ளே ஓர் அரக்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டுத் துணியில் நில வரைபடம் இருந்தது. 96 சென்டிமீட்டர் சதுரம். மடிப்புகளில் இற்றுப்போன துண்டுகளைச் சேர்த்து மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். பார்த்ததும் தலை சுற்றும். தெற்கு மேலே, வடக்கு கீழே. ஆறுகள் நெளிகின்றன, ஊற்றில் மெலிதாகத் தொடங்கிப் போகப்போகத் தடித்துவருகிறது கோடு. ஊர்ப்பெயர்கள் சிறு வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும்.

நடுவே செதில் செதிலாக ஒரு மலைத்தொடர், அதில் தூண்கள்போல ஒன்பது கோடுகள். பக்கத்தில் இரண்டே எழுத்து: பேரரசர் ஷுன்.

அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஷுன் என்ற புராண காலத்து மன்னர் தெற்கே சுற்றி வந்தபோது இறந்தார், ஜியாங்னானின் ஜியூயி மலையில் அடக்கம் செய்தார்கள் என்று சிமா சியென் எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த நிலத்துப் படைத்தலைவன் ஒருவன் அந்த மலையைப் பட்டில் வரைந்து, மன்னர் பெயரையும் எழுதி, தன்னோடு கல்லறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஜியூயி இருப்பது ஹூனானின் தென்கோடியில். பெயர் முதலில் எந்த மண்ணில் ஒட்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை.

மாலையில் சியாங் ஆற்றங்கரையில் டாங் காலத்துக் கவிஞர் தூ ஃபூவின் பெயரால் கட்டிய மாடத்தில் ஏறி நின்றோம். கி.பி. 770, தூ ஃபூ இறந்த வருஷம். வடக்கே நடந்த பெரும் கலகத்தில் எல்லாம் இழந்து, படகில் அலைந்து, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். தலைநகரின் பெரிய வீடுகளில் தான் பாட்டுக் கேட்ட லி குய்நியென் என்ற பாடகரை இங்கே பார்க்கிறார். அவரும் எல்லாம் இழந்தவர். ஜியாங்னானில் காட்சி அழகாகத்தான் இருக்கிறது, பூ உதிரும் காலத்தில் உங்களை மறுபடி பார்க்கிறேன் என்று முடிகிறது நாலு வரிக் கவிதை. எந்த ஜியாங்னான்? இதே சாங்ஷா. அதாவது எட்டாம் நூற்றாண்டிலும் சாங்ஷாவை அப்படிச் சொல்வது சரியாகவே இருந்திருக்கிறது. கீழே ஆறு கலங்கலாக ஓடுகிறது. ஏப்ரல் மாதம், கரையில் பூக்கள் நிஜமாகவே உதிர்ந்துகொண்டிருந்தன.

நான்சாங், புதன்

அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் அடுத்த மாகாணம். பெயர் ஜியாங்சி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஆற்றுக்கு மேற்கே. வரைபடத்தை எப்படித் திருப்பினாலும் இந்த மாகாணம் யாங்சிக்கு மேற்கே இல்லை, தெற்கேதான் இருக்கிறது. தம்பி இதை ரயிலிலேயே கேட்டுவிட்டான்: "அக்கா, இவங்களுக்குத் திசை தெரியாதா?"

நன்றாகவே தெரியும். 627இல் டாங் பேரரசர் தைசோங் நாட்டைப் பத்துப் பெரும் வட்டாரங்களாகப் பிரித்தார். அதில் ஒன்று ஜியாங்னான். கடற்கரையில் தொடங்கி மேற்கே இன்றைய குய்ஜோ மலைநாடு வரை நீண்டது. பெயர் இவ்வளவு பெரிய நிலத்தை மூடியது அப்போதுதான். ஆள முடியாத அளவுக்குப் பெரிது. 733இல் அதைப் பிரித்தார்கள். ஜியாங்னான் கிழக்குக்குச் சுஜோ தலைநகர், ஜியாங்னான் மேற்குக்கு இந்த நான்சாங், அப்பால் இருந்த மலைநாடு தனி. 'ஜியாங்னான் மேற்கு' பேச்சில் சுருங்கி ஜியாங்சி ஆனது. தெற்கு என்ற எழுத்து நடுவிலிருந்து உதிர்ந்துபோய், ஆறும் மேற்கும் மட்டும் மிஞ்சின.

இங்கே தெங்வாங் மாடம் இருக்கிறது. 653இல் கட்டியது, பலமுறை எரிந்து, இடிந்து, கடைசியாக 1989இல் எழுந்தது. 675 வாக்கில் வாங் போ என்ற இளைஞர் இங்கே நடந்த விருந்தில் எழுதிய உரையால்தான் இதற்கு இத்தனை புகழ். எழுநூற்றுச் சொச்சம் எழுத்துகள் கொண்ட அந்த உரையைப் பார்க்காமல் ஒப்பித்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒரு சிறுவன் ஒப்பித்துக்கொண்டிருந்தான். முதல் வரியே ஊர்ப்பெயர்தான்: யூஜாங் என்ற பழைய ஆட்சிப் பகுதி, ஹோங்டூ என்ற புதிய நகர். நடுவில் அவன் தடுமாறியபோது வரிசையில் நின்ற மூன்று நாலு பேர் ஒரே நேரத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். அலுவலர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

ஜியாங்னானின் மூன்று பெரும் மாடங்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்: இந்தத் தெங்வாங், ஊஹானில் மஞ்சள் நாரை மாடம், ஹூனானில் யுவேயாங் மாடம். ஒன்றுகூட சுஜோ பக்கம் இல்லை. பழைய எல்லை இப்படி ஒரு தொடரில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

நான்ஜிங், வியாழன் இரவு

ஜியூஜியாங்குக்குப் பிறகு யாங்சி வடகிழக்காகச் சாய்ந்து நான்ஜிங் வரை அப்படியே போகிறது. வரைபடத்தில் இதை விரலால் தடவிப் பார்த்தால்தான் பெயரின் கதை புரியும். ஆறு கிழக்கே ஓடும் இடத்தில் அதன் ஒரு கரை தெற்கு. வடகிழக்காக ஓடும் இடத்தில் அதே கரை கிழக்குக் கரை ஆகிவிடுகிறது. அதனால் பழைய ஆட்கள் நான்ஜிங், சுஜோ பக்கத்தை ஜியாங்னான் என்று சொல்லும் வழக்கம் குறைவு. ஜியாங்தோங், ஆற்றுக்குக் கிழக்கே என்றார்கள். கி.மு. 202இல் எல்லாப் போரும் தோற்று ஆற்றங்கரையில் நின்ற சியாங் யூவுக்குப் படகு தயாராக இருந்தது. தன்னோடு வந்த இளைஞர்களில் ஒருவர்கூட மிஞ்சாதபோது ஜியாங்தோங்கின் பெரியவர்களை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று ஏற மறுத்து அங்கேயே உயிரை விட்டார். கிழக்குக் கரைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதனால்தான் ஜியாங்னான் நடு யாங்சிக்கு உரியதாக இருந்தது.

அப்புறம் எப்படி நகர்ந்தது? ஆட்கள் நகர்ந்தார்கள். 311இல் வடக்குத் தலைநகர் லுவோயாங் விழுந்தது. ஜின் அரச குடும்பம் தப்பி வந்து 317இல் இந்த நான்ஜிங்கில், அன்றைய ஜியென்காங்கில், ஆட்சியை மறுபடி நிறுவியது. பின்னாலேயே லட்சக்கணக்கில் மக்கள். ஊரை விட்டவர்கள் ஊர்ப்பெயரை விடவில்லை. ஷான்தோங்கின் லாங்யாவிலிருந்து வந்தவர்களுக்காக இங்கே பக்கத்திலேயே இன்னொரு லாங்யா என்ற ஆட்சிப் பகுதியே உருவானது. இப்படிப் பல. சொந்த நிலம் இல்லாமல் பெயரும் பதிவேடும் மட்டுமாகத் தொடங்கிய மாவட்டங்கள் உண்டு. அகதிகளின் துக்கத்தை ஓர் அரசு நிர்வாக ஆவணமாகவே ஏற்றுக்கொண்டது எனக்கு மிகவும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

வடக்கிலிருந்து பார்த்தால் ஆற்றுக்குத் தெற்கே ஒரே நாடு, அதன் நடு நான்ஜிங். அரசும் செல்வமும் கவிஞர்களும் கீழ் யாங்சிக்கு வந்துவிட்டபோது பெயரின் எடையும் அங்கே சாய்ந்தது.

பெயர் அழகானதும் அப்போதுதான். 505இல் தெற்கு லியாங் படை வடக்கே போகிறது. எதிரே நிற்கும் தளபதி சென் போஜி, முன்பு தெற்கில் இருந்து கட்சி மாறி வடக்கே போனவர். அவருக்குக் கடிதம் எழுதும் வேலை சியூ சி என்ற செயலரிடம் வருகிறது. கடிதத்தில் மிரட்டல் உண்டு, மன்னிப்பு உறுதி உண்டு, உன் முன்னோர் கல்லறை மரங்களை யாரும் வெட்டவில்லை என்ற ஆறுதல் உண்டு. பிறகு திடீரென்று நாலு வரி: வசந்தத்தின் கடைசி, மூன்றாம் மாதம். ஜியாங்னானில் புல் வளர்ந்து நிற்கிறது. மரங்களில் பல நிறப் பூ. மாங்குயில்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன.

சென் போஜி 8,000 வீரர்களோடு திரும்பி வந்துவிட்டார்.

ஈர நிலம், சீக்கிரச் சாவு என்று எழுதிய பெயர் அறுநூறு வருஷத்தில் இப்படி மாறியிருக்கிறது. எனக்கு இதில் ஒன்று பட்டது. ஜியாங்னானை அழகாக எழுதியவர்களில் பலர் அப்போது அங்கே இல்லை, அல்லது அங்கே இல்லாதவனுக்கு எழுதினார்கள். 554இல் வடக்கே தூது போன யூ சின் சாங்ஆனில் பிடித்துவைக்கப்பட்டு, திரும்ப முடியாமல் ஜியாங்னானுக்காக ஒரு நீண்ட ஒப்பாரி எழுதினார். இதே நான்ஜிங்கை ஆண்ட லி யூ, 971இல் வடக்கின் சோங் பேரரசுக்குப் பயந்து டாங் என்ற நாட்டுப் பெயரையே கைவிட்டு, தன்னை ஜியாங்னானின் அரசர் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். ஒரு நாட்டுக்கே இந்தப் பெயர் அமைந்தது அப்போதுதான். அதுவும் சில வருஷம். தோற்று, வடக்கே சிறையிருந்து, தெற்கின் நினைவில் பாட்டு எழுதியே இறந்தார்.

நான்ஜிங், வெள்ளி

மழை. சின்ஹுவாய் வாய்க்காலோரம் ஜியாங்னான் தேர்வுக்கூடம். பேரரசின் பணிக்கான மாகாணத் தேர்வு நடந்த இடம். கடைசிக் காலத்தில் 20,644 அறைகள். அறை என்பது பெரிய வார்த்தை. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, ஒருவர் உட்காரும் அகலம். இரண்டு பலகைகள். பகலில் ஒன்று இருக்கை, ஒன்று மேசை. இரவில் இரண்டையும் ஒரே மட்டத்தில் செருகிச் சுருண்டு படுக்க வேண்டும். மாதிரி அறையில் நான் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிறது. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நாள் என்று இதற்குள் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கூடத்தின் பெயரில் உள்ள ஜியாங்னான் ஒரு மாகாணம். 1645இல் சிங் படை நான்ஜிங்கைப் பிடித்ததும் அந்தப் பெயரில் மாகாணம் அமைத்தது. அதன் வடக்கு எல்லை யாங்சியைத் தாண்டி, ஹுவாய் ஆற்றையும் தாண்டி, ஷூஜோ வரை போனது. ஆற்றுக்கு வெகு வடக்கே இருந்தவர்களும் காகிதத்தில் தெற்கத்தியர்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு அதை இரண்டாகப் பிரித்தார்கள், 1667 என்பது வழக்கமாகச் சொல்லும் வருஷம். ஜியாங்னிங் (அன்றைய நான்ஜிங்), சுஜோ இரண்டின் முதல் எழுத்தையும் சேர்த்து ஜியாங்சு. ஆன்சிங், ஹுய்ஜோ சேர்ந்து ஆன்ஹுய். ஆட்சி வரைபடத்திலிருந்து ஜியாங்னான் மறைந்தது. ஆனால் இரண்டு மாகாணத்துப் பிள்ளைகளும் 1905இல் தேர்வுமுறை ஒழியும் வரை இந்தக் கூடத்திலேயே எழுதினார்கள். சிங் காலத்தில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மாகாணத்துக்காரர்கள்.

யாங்ஜோ, ஜென்ஜியாங், சனி

யாங்ஜோ வடகரையில் இருக்கிறது. அதன் பெயர் வந்த வழி ஜியாங்னானுக்கு நேர் எதிர். நாட்டை ஒன்பது பகுதியாகச் சொன்ன பழைய நூலில் யாங்ஜோ என்பது ஹுவாய் ஆற்றிலிருந்து கடல் வரைக்குமான முழுத் தென்கிழக்கு. பிறகு நான்ஜிங்கைத் தலைமையாகக் கொண்ட பகுதியின் பெயராக இருந்தது. 589இல் சுய் பேரரசு நான்ஜிங்கைப் பிடித்துத் தரைமட்டமாக்கி, பெயரை ஆற்றைத் தாண்டித் தூக்கிவந்து இந்த வடகரை ஊருக்கு வைத்தது. கடலளவு பெயர் ஓர் ஊரளவுக்குச் சுருங்கியது.

காலைத் தேநீரோடு நூல்போல் நறுக்கிய தோஃபுக் கீற்று வந்தது. விடுதி அம்மாளிடம் இது ஜியாங்னானா என்று கேட்டோம். "வேறென்ன? தோட்டம், வாய்க்கால், கவிதை, எங்களிடம் என்ன குறை?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஆற்றின் கோடு ஆட்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த வடகரையிலிருந்து ஷாங்காய்க்குப் பிழைக்கப்போனவர்கள் ரிக்‌ஷா இழுத்தார்கள், முடி வெட்டினார்கள், மூட்டை தூக்கினார்கள். சுபெய், அதாவது ஜியாங்சுவின் வடக்கு, என்பதே அங்கே வசவாக இருந்தது. ஒரே மாகாணம்தான். ஆற்றுக்கு எந்தப் பக்கம் பிறந்தாய் என்பதே கேள்வி.

மதியம் குவாஜோவுக்கு வந்து படகில் ஏறினோம். லாரிகள், ஸ்கூட்டர்கள், காய்கறிக் கூடைகள். பதினோராம் நூற்றாண்டில் அமைச்சர் வாங் அன்ஷி இங்கே படகு கட்டிநின்று, நான்ஜிங் மலையடியில் இருந்த தன் வீட்டை நினைத்து எழுதினார்: வசந்தக் காற்று ஜியாங்னான் கரையை மறுபடி பசுமையாக்கியது. அந்தப் பசுமை என்ற எழுத்துக்கு முன் 'வந்தது', 'கடந்தது', 'நுழைந்தது' என்று பத்துக்கு மேற்பட்ட சொற்களை எழுதி அடித்திருக்கிறார். கைப்பிரதியைப் பார்த்தவர்களிடமிருந்து வந்த செய்தி இது. படகின் முன்பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்ன கரை எதிரே தெரிகிறது, மெல்லிய பச்சைக் கோடாக. இந்தப் பயணத்தில் பெயரும் திசையும் நிலமும் ஒத்துப்போன இடம் இதுதான். நேர் வடக்கிலிருந்து நேர் தெற்கே பார்க்கிறேன், நடுவில் யாங்சி.

கரைகளும் நிலைத்தவை இல்லை. வாங் அன்ஷி பார்த்த குவாஜோ ஊர் அரிப்பில் சரிந்து சரிந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முழுவதுமாக ஆற்றுக்குள் போய்விட்டது. அக்கரையில் நேர்மாறு. ஜென்ஜியாங்கின் பழைய துறை சிஜின்தூவில் இப்போது தண்ணீரே இல்லை. வண்டல் சேர்ந்து ஆறு விலகிவிட்டது. தெருவின் கருங்கல்லில் ஒற்றைச் சக்கர வண்டிகள் போட்ட பள்ளம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கிறது. ஓரிடத்தில் தெருவைத் தோண்டிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்: மேலே சிங் காலத்துக் கல், கீழே மிங், அதற்கும் கீழே சோங், அடியில் டாங் காலத்து மண். வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள் கரையேறிய முக்கியத் துறைகளில் இது ஒன்று. தெற்கு ஷூஜோ என்ற அகதி மாகாணத்துக்குத் தலைநகரும் இந்த ஊரே.

சுஜோ, திங்கள்

கடைசியில் எல்லோரும் சொல்லும் ஜியாங்னான். ஷான்தாங் வாய்க்கால் கரையில் பச்சை மாவுருண்டை விற்கிறார்கள், உள்ளே சிவப்பு அவரைப் பூரணம். வாய்க்காலை வெட்டவைத்தவர் பாய் ஜூயி, 825இல் இங்கே ஆளுநராக வந்த கவிஞர். அதற்கு முன் ஹாங்ஜோவில் ஆளுநர். முதுமையில் லுவோயாங்கில் உட்கார்ந்து மூன்று சிறு பாட்டு எழுதினார். முதல் பாட்டு ஜியாங்னான் நல்லது என்று தொடங்குகிறது. இரண்டாவது, அதில் அதிகம் நினைவுக்கு வருவது ஹாங்ஜோ என்கிறது. மூன்றாவது, அடுத்தபடி சுஜோ. அரசின் வட்டாரம் ஒருகாலத்தில் மலைநாடு வரை நீண்டு கிடந்தது. தூ ஃபூவுக்குச் சாங்ஷாவே ஜியாங்னானாக இருந்தது. எழுபது வருஷம் கழித்து பாய் ஜூயி இரண்டு ஊருக்குள் அதைக் குறுக்கிவிட்டார். சட்டத்தால் நடக்காதது பாட்டால் நடந்தது.

பாட்டு மட்டும் போதாது, சோறு வேண்டும். தைஹு ஏரியைச் சுற்றிய சதுப்பில் கரை கட்டி, நீரை வடித்து, வயலாக்கினார்கள். பத்தாம் நூற்றாண்டில் வூயுவே சிற்றரசு இதற்கென்றே ஆட்களை வைத்து வாய்க்கால்களைத் தூர்வாரியது. 1012இல் பஞ்சம் வந்தபோது, இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் குறுகிய கால நெல்லை ஃபூஜியெனிலிருந்து வரவழைத்து யாங்சிப் பகுதி உழவர்களுக்கு விதையாகக் கொடுத்தது சோங் அரசு. சுஜோவும் ஹூஜோவும் விளைந்தால் உலகமே பசியாறும் என்று பழமொழி பிறந்தது. தாழ்வான ஈர நிலம் என்ற அதே குறைதான் நெல்லுக்கு வரமானது.

மிங் காலத்தில் பழமொழியில் ஊர் மாறிவிட்டது. ஹூகுவாங் விளைந்தால் உலகம் பசியாறும். ஹூகுவாங் என்றால் ஹூபெயும் ஹூனானும். சுஜோ பக்கத்து உழவர்கள் பருத்திக்கும் பட்டுப்புழுவுக்கான முசுக்கட்டைச் செடிக்கும் மாறிவிட்டார்கள். சாப்பாட்டு அரிசி யாங்சியில் படகுபடகாக ஹூனானிலிருந்து இறங்கியது.

அதனால் இன்று ஃபெங்சியாவ் பாலத்துக்குப் போனேன். டாங் காலத்துக் கவிதை ஒன்றில் நள்ளிரவு மணியோசை கேட்கும் இடம். எல்லோரும் அந்த மணிக்காக வருகிறார்கள். சிங் காலத்தில் இதே பாலத்தடியில்தான் பெரிய அரிசிச் சந்தை. ஃபெங்சியாவ் விலையைக் கேட்டுக்கொள், அரிசி வாங்கி ஏமாற மாட்டாய் என்று சொல்வார்களாம். பாலத்தின் மேல் நின்று கீழே கல் படிகளைப் பார்த்தேன். ஜியா யீ பயந்த சாங்ஷாவின் ஈர வயல்களில் விளைந்தது இங்கே வந்து இறங்கியிருக்கிறது. தறியில் இருந்தவர்கள் அதைத் தின்று பட்டு நெய்தார்கள். பழைய ஜியாங்னான் புதிய ஜியாங்னானுக்கு முதலில் பெயரைக் கொடுத்தது, அப்புறம் சோற்றையும் கொடுத்தது. சுற்றுலாப் பலகை எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷாங்காய், செவ்வாய்

1865இல் ஷாங்காயில் பீரங்கியும் கப்பலும் செய்ய ஓர் ஆலை தொடங்கினார்கள். பெயர் ஜியாங்னான் இயந்திர ஆலை. பின்னால் இருந்த இருவரில் லி ஹோங்ஜாங் ஆன்ஹுய்காரர், ஜெங் குவோஃபான் ஹூனான்காரர். ஜியாங்னான் மாகாணம் கலைந்து இருநூறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் பகுதிகளையும் ஜியாங்சியையும் சேர்த்து ஆண்ட ஆளுநரின் பதவிக்கு 'இரண்டு ஜியாங்' என்றே பெயர் இருந்தது.

ஆலை இன்றும் இருக்கிறது, ஜியாங்னான் கப்பல் கட்டும் தளமாக. 2010 உலகக் கண்காட்சிக்காகப் பழைய இடத்தைக் காலிசெய்து, யாங்சியின் வாயில் இருக்கும் சாங்சிங் தீவுக்குப் போய்விட்டது. காலையில் பேருந்தில் ஆற்றடிச் சுரங்கத்தைக் கடந்து அந்தத் தீவுக்குப் போனோம். அங்கே வடக்கேயும் யாங்சி, தெற்கேயும் யாங்சி. தளத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை, சாலையிலிருந்து பாரந்தூக்கிகள் மட்டும் தெரிந்தன. கரையோரத் தோட்டங்களில் ஆரஞ்சு மரங்கள் அரும்பு கட்டியிருந்தன, வழியில் ஒரு பாட்டியிடம் போன பருவத்து உலர்ந்த தோலை ஒரு பொட்டலம் வாங்கினேன்.

2022 ஜூனில் இந்தத் தளத்திலிருந்து சீனாவின் மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் நீரில் இறங்கியது. அதற்கு வைத்த பெயர் ஃபூஜியென். அதுவும் ஃபூஜோ, ஜியென்ஜோ என்ற இரண்டு ஊர்களின் முதல் எழுத்தைச் சேர்த்துச் செய்த மாகாணப் பெயர்தான். அதற்கு முன் அந்தக் கடலோரத்துக்கு மின் என்று பெயர். அடுத்த விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகலாம் என்று தம்பி இப்போதே ரயில் பார்க்கத் தொடங்கிவிட்டான்.